மான் மிரளாத வெடி

வெடி வெடித்தது. மான்கள் தலையைத் தூக்கின. தூக்கிய தலைகளைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, சத்தத்தின் தரத்தை மதிப்பிட்டு முடித்தாற்போலக் காதுகளை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துவிட்டு, மறுபடியும் வெண்டைக் குருத்தில் வாயை வைத்தன.

கிழக்கே ஆனைக்குட்டம் அணைக்கரையின் மேல் வெளுப்பு ஏறிக்கொண்டிருந்தது. வரப்பில் குந்தியிருந்த செல்லச்சாமி, கையிலிருந்த ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. தொழிலில் தேர்ந்தவனுடைய சரக்கை வாடிக்கையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் உண்டாகும் முகம் அது.

"சத்தம் நல்லாத்தான கேட்டுச்சு?" என்று கேட்டார்.

மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து நின்ற அவர் மனைவி வள்ளித்தாய், அவருடைய வலப்பக்கமாக வந்து நின்றுகொண்டு பதில் சொன்னாள். இடது காது அவருக்குக் கேட்காது.

"நமக்கும் கேட்டுச்சு, அதுகளுக்கும் கேட்டுச்சு. நல்லா இருக்குன்னு தலைய ஆட்டிட்டுத் திங்குதுக."

"நேத்து வச்சத விட இது உசத்திச் சரக்கு."

"மானுக்கு எதுக்கு உசத்திச் சரக்கு? அதுக என்ன தீபாவளியா கொண்டாடுது?"

சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பை ஓங்கியபடி பாத்திக்குள் ஓடினாள். மான்கள் ஓடவில்லை. விருந்துண்டவர்கள் எழுந்து கைகழுவப் போகும் நிதானத்தில் நடந்து, கம்பி வேலியின் அருகில் வந்ததும் கால்களை மடக்கி ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தாண்டின. கடைசியாகப் போன குட்டி, கம்பிக்கு அப்பால் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது. அதன் வாயில் வெண்டைப் பூ ஒன்று மஞ்சளாகத் தொங்கியது.

நாரணாபுரத்தில் தொடங்கி இந்தப் பக்கம் வரையில் எத்தனை பட்டாசுக் கம்பெனிகள் உண்டோ, அத்தனையிலும் மத்தியான வேளையில் சரக்கை வெட்டவெளியில் வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். அந்தப் பொட்டல்களை அடுத்த வேலிக்கருவைக் காட்டில்தான் இந்த மான்கள் பிறந்தன. தாயின் பாலோடு சரவெடிச் சத்தத்தையும் குடித்து வளர்ந்த பிராணிகள். விருதுநகர்ப் பக்கத்து மான் மிரளக்கூடிய சத்தத்தில் ஒரு மான் இங்கே கண்ணைக்கூடச் சிமிட்டாது. செல்லச்சாமிக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் வெடி செய்த கைக்கு, வெடியால் தீராத காரியம் ஒன்று உண்டு என்பது எளிதில் ஏறுவதில்லை.

கம்பெனியில் அவர் மருந்து அறை ஆள். வெடிமருந்து கலக்குகிறவருக்கு மற்றவர்களைப் போலப் பேச்சு இருக்காது; நடையில்கூட ஓர் அடக்கம் வந்துவிடும். அவர் அந்த அடக்கத்தோடு தண்ணீர் குடிக்க வெளியே வந்து பானையில் செம்பை முக்கியபோதுதான் பக்கத்து அறை வெடித்துப் போயிற்று. அன்றைக்கு இடது காது போனதோடு அவருக்குச் சேதம் முடிந்தது. அந்த அறையில் இருந்தவர்களைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை. வள்ளித்தாய் கேட்டதும் இல்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்று: அணைக்கரைக்குக் கீழே தண்ணீர் வசதியுள்ள ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, "இனிமே இதுதான் உங்க கம்பெனி" என்று அவரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவர் நின்றார். வெண்டை, கத்தரி, கொத்தவரை, ஓரமாக வெள்ளரி. மண்ணைப் பொடியாக்குவதிலும் விதையை அளந்து ஊன்றுவதிலும் மருந்து அறையின் கைப்பக்குவமே அவருக்கு உதவியது. பாத்திகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. ஆனால் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில், கம்பெனியின் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் துவைத்து மடிப்புக் கலையாமல் தொங்கின. வள்ளித்தாய் வீடு பெருக்கும்போது அவற்றின் மேல் படிந்த தூசியைத் தட்டுவாள். கழற்றி எடுத்தது கிடையாது. அவரும் எடுக்கச் சொன்னது கிடையாது. அந்த ஆணியை இருவரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

ஆடி பிறந்ததும் காற்று கிளம்பியது. மேற்கேயிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, சோற்றுப் பானைக்குள் கொட்டிவிட்டுத்தான் ஓயும் காற்று. அந்தக் காற்றோடு பாண்டிச்செல்வமும் வந்தான். கம்பெனி போர்மேன். ஒவ்வொரு முறையும் கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலம் இருக்கும்.

"மதினி, பிடிங்க. லோடு இறக்கச் சாத்தூர் போனேன். சுடச்சுடப் போட்டுக்கிட்டு இருந்தான்."

"போன தடவையும் சுடச்சுடத்தான் கொண்டாந்தீக. எங்க வீட்டுக்காரர வறுத்து எடுக்காம நீங்க ஓயமாட்டீக போல தம்பி. அந்தப் பக்கம் உக்காராதீக, கேக்காது. இங்கன வாங்க."

வேப்பமரத்தடியில் பாண்டிச்செல்வம் இடம் மாறி உட்கார்ந்தான். கத்தரிக்காய் வதக்கலும் நீராகாரச் சோறும் வந்தன. முதல் உருண்டையை விழுங்கியதும் தலையை ஆட்டினான்.

"காய்க்கு என்னா ருசி மதினி! மருந்து அடிக்கலயா?"

"மருந்தே வேண்டாம்னுதான இங்கன வந்தது."

பாண்டிச்செல்வம் சோற்றைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். பிறகு செல்லச்சாமியின் வலது காதை நோக்கிக் குனிந்தான்.

"அண்ணே, சீசன் தொடங்கியாச்சு. ஆர்டர் மலையாக் கெடக்கு. மருந்து அறைக்குக் கைபடிஞ்ச ஆளு இல்ல. புதுசா வந்தவன், சல்லடையப் பிடிக்கற பிடியப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. நீங்க வந்து நின்னாப் போதும். கலக்கக்கூட வேண்டாம், நின்னு பாத்தாப் போதும்."

செல்லச்சாமி மோர் மிளகாயைக் கடித்தார். சல்லடை என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய வலது கைவிரல்கள் தரையில் எதையோ லேசாகத் தட்டியதை வள்ளித்தாய் பார்த்தாள். அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். சல்லடை விளிம்பில் ஒட்டிய பொடியை விழவைக்கும் தட்டல்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றாள். "இந்த வெண்டை காய்ச்சு, கூடை கூடையாச் சந்தைக்குப் போச்சுன்னா, இவுக உங்க வாசல மிதிக்க மாட்டாக. மானு அம்புட்டையும் தின்னு தீத்துருச்சுன்னா, நானே கூட்டியாந்து விடுறேன். அதுக்கு நடுவுல நீங்க சேவு வாங்கிச் செலவழிக்க வேண்டாம்."

"மதினி பேச்சுக்கு மாறு உண்டா?" என்றான் பாண்டிச்செல்வம். பிறகு நாலாபுறமும் பார்த்தான். வெண்டைப் பாத்தியில் பாதிக்கு மேல் தலை இல்லாமல் மொட்டையாக நின்றது. அவன் மறுபடியும் சிரித்தான். இந்த முறை சோற்றைப் பார்க்கவில்லை. "மானுக்கு வெடி பத்தலன்னாச் சொல்லுங்க அண்ணே. நான் தாரேன்."

அவன் தந்தனுப்பியவைதாம் அந்த உசத்திச் சரக்குகள்.

இதற்கிடையில் மயில்களும் தங்கள் பங்கைக் கேட்டன. ஊன்றிய வெள்ளரி விதைகளைக் கிளறித் தின்றுவிட்டு, வரப்பில் நின்று தோகையை உலர்த்தின. சிவகாசி அச்சகம் ஒன்றில் அச்சுப் பிசகிக் கழித்துப் போட்ட பளபளப்புத் தாள்களை வள்ளித்தாய் வாங்கிவந்து கயிற்றில் தொங்கவிட்டாள். மை தள்ளி விழுந்ததில் மூன்று கண்ணுடன் சிரித்த குழந்தைப் படம். மயில்கள் முதல் நாள் பயந்தன. மறுநாள் அந்தக் குழந்தைக்குக் கீழேயே விதை கிளறின.

பக்கத்துத் தோட்டத்துப் பலவேசத்துக்குப் பொறுமை போயிற்று. அவருடைய நிலக்கடலையைப் பன்றி கிண்டியிருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டே வரப்பைத் தாண்டி வந்தார்.

"ஏப்பா செல்லச்சாமி, ஒம் மாதிரி ஒரு ஆள பக்கத்துல வச்சுக்கிட்டு நான் பன்னிகிட்டத் தோக்கணுமா? நாலு வாய்வெடி உருட்டிக் குடு. பழத்துக்குள்ள வச்சுப் போட்டுருவோம். பன்னி கடிச்சாலும் சரி, மானு கடிச்சாலும் சரி. ஒண்ணு போனா மத்தது இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது."

செல்லச்சாமி களைக்கொட்டைக் கீழே வைத்தார். அவர் நிதானமாகப் பேசினால் அது கோபம் என்று வள்ளித்தாய்க்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நான் பிள்ளைக வெடிக்கறதுக்கு வெடி செஞ்சவன். வாயில்லாச் சீவன் வாயக் கிளிக்க இந்தக் கை வராது. வேற யாரும் உருட்டிக் குடுத்து இங்கன போட்டீகன்னாலும், நானே போயி வனத்துறையில சொல்லிருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"இந்தா பாரு, ஒரு பேச்சுக்குச் சொன்னா…"

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."

பலவேசம் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போனார். அன்று முழுவதும் வள்ளித்தாய்க்குத் தன் புருஷன்மேல் ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதத்தில் அவள் ஒன்றைக் கவனிக்கத் தவறினாள். பலவேசம் போனபின் செல்லச்சாமி தன் உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலியின் சூட்சுமம் அவளுக்குப் பிடிபட்டது குளியலினால். மோட்டார்த் தண்ணீரில் குளித்துவிட்டு, நனைந்த சேலையை மேற்குக் கம்பியில் விரித்துப் போடுவது அவளுடைய வழக்கம். காற்றில் பறக்காமல் இருக்கக் கருவை முள்ளைக் குத்தி வைப்பாள். சாயங்காலம் மறந்து போனால் அது அங்கேயே கிடக்கும். அந்தச் சேலைக்கு நேரே இருந்த வெண்டைகள் மட்டும் தலை முறியாமல், பூவும் பிஞ்சுமாக நின்றன. மண் வளமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். நினைத்ததைச் சோதிக்காமல் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சேலையை எடுத்துத் தெற்குக் கம்பியில் போட்டாள். விடிந்து பார்த்தபோது தெற்குப் பாத்தி தப்பியிருந்தது. இத்தனை நாள் தப்பிநின்ற மேற்குப் பாத்தியை மான்கள் வட்டியும் முதலுமாக மேய்ந்திருந்தன.

வள்ளித்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று யோசித்தாள். கம்பி வேலியின் ஊடே மானுக்கு எல்லாம் தெரிகிறது. எங்கே தாண்டினால் எங்கே கால் ஊன்றலாம் என்பது தெரிகிறது. தெரிவதால் தாண்டுகிறது. சேலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இறங்கும் இடம் தெரியாமல் எந்த மானும் எழும்பாது. போதாக்குறைக்கு ஆடிக்காற்று சேலையை உயிருள்ளதுபோல் புடைத்து அடிக்கிறது. சத்தத்துக்குப் பழகிய கழுதைகள் அசைவுக்குப் பழகவில்லை.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பரபரப்போடு வீட்டில் மத்தியானச் சோற்றைப் பிசைந்து அவர் முன்னால் வைத்தாள். கொத்தவரைப் பொரியலும் சீரகம் தாளித்த ரசமும். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் கவளத்தை எடுத்தார்.

வள்ளித்தாய் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அவருடைய நகக்கண்களில் சாம்பல் நிற மினுக்கம் இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும், புளியைப் போட்டுத் தேய்த்தாலும், வெடிமருந்தில் சேரும் வெள்ளிப்பொடி நகக்கண்ணை விட்டு லேசில் போகாது. கலியாணமான நாள்முதல் அந்த மினுக்கத்தோடு சோறு தின்ற கை அது. போன வருஷம்தான் அது போய், நகம் நகமாக வளர்ந்திருந்தது.

"மோட்டார் ரூம்ல என்ன வச்சிருக்கீக?"

அவர் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டே பதில் சொன்னார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"கடைச்சரக்குல சத்தம் பத்தல வள்ளி. இப்ப எல்லாம் கவர்மெண்டுல சத்தத்துக்கு அளவு கட்டிப்புட்டான். கொஞ்சம் கூட்டிப் போட்டா…"

"பொடி யாரு குடுத்தா? பாண்டிச்செல்வமா?"

"நான்தான் கேட்டேன். அவன் மேல தப்பில்ல."

வள்ளித்தாய் எழுந்தாள். சத்தம் போடவில்லை. வாசலில் நின்று ஒரு முறை கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தாள். வேண்டுமென்றே, அவர் பார்க்கும்படியாகப் பார்த்தாள்.

"எந்த மருந்த விட்டு உங்களக் கூட்டியாறணும்னு நான் தோட்டம் போட்டேனோ, அத நீங்க தோட்டத்துக்கே கூட்டியாந்துட்டீக. பக்கத்துல பம்பு ஓடுது. வயருல பொறி பறக்குது. அங்கனதான் நான் குளிக்கறேன்."

செல்லச்சாமியின் கை தட்டில் அப்படியே நின்றது. சோறு உலர்ந்து விரல்களில் ஒட்டியது. கம்பெனியில் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் எத்தனை தூரம் இருக்க வேண்டும், மருந்துக்குப் பக்கத்தில் இரும்பு உரசக்கூடாது, கரண்ட் கூடாது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். அவருடைய முகம் மெல்ல வெளுத்தது.

"தண்ணியத் தூக்கிட்டு வாறேன், ஊத்திருவோம்" என்று அவள் குடத்தை எடுத்தாள்.

"நில்லு!" அவர் எச்சில் கையோடு பாய்ந்து எழுந்தார். "தெளிக்கக் கூடாது. தெளிச்சாச் சூடேறிக்கிடும். முங்க முங்க ஊத்தணும். நீ கிட்ட வராத. பம்ப அமத்து. வேப்பமரத்துக்கு அங்கிட்டுப் போயி நில்லு."

தோட்டத்துக்கு வெளியே ஆளில்லாத பொட்டலில் பள்ளம் தோண்டினார். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பினார். பிறகு மோட்டார் அறைக்குள் வெறுங்காலோடு போய், ஒரு மண்சட்டியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பிறந்த குழந்தையைக்கூட மனிதர்கள் அத்தனை கவனத்தோடு ஏந்துவதில்லை. வள்ளித்தாய் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நடந்த தூரம் கொஞ்சம்தான். ஒவ்வோர் அடியையும் அவள் கண்ணால் எண்ணினாள். சட்டி பள்ளத்துக்குள் இறங்கி முழுவதுமாக மூழ்கியது. அதன்மேல் மறுபடியும் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். பிறகு தள்ளி வந்து, மண்ணில் உட்கார்ந்து, நகங்களைக் கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்கினார்.

வெகுநேரம் கழித்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வலப்பக்கம்.

"மானுக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். "சத்தமில்லாத மருந்து."

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்தில் வள்ளித்தாய் போய் நின்றாள். வேனிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். முகம், கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளிப்பொடி. வெயில் பட்டதும் கோயில் சப்பரத்தைப்போல் மின்னினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆவுடைத்தாய் இறங்கினாள். வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"ஏளா வள்ளி! வெள்ளரிக்கா கொண்டாந்திருக்கியா? இல்ல, மானு தின்ன மிச்சம் கொண்டாந்திருக்கியா?"

"மிச்சமே இல்ல சின்னம்மா. உங்ககிட்டக் கேக்க வந்திருக்கேன். உங்க வீட்டுல பழைய கம்பெனிச் சேலை எம்புட்டுக் கெடக்கும்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கக்கூடாத பொருளை ஒருத்தி கேட்டுவிட்டாள். வேலைக்குக் கட்டும் சேலையை இந்தப் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலுக்கு வெளியே அவிழ்த்து, வெளியே துவைத்து, வெளியிலேயே உலர்த்துவார்கள். அது நைந்துபோனால் யாருக்கும் கொடுப்பதில்லை. பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதில்லை. அடுப்பில் கரித்துணியாகக்கூட வைப்பதில்லை. வைத்துத் தீப்பிடித்த ஒரு வீட்டின் கதை எல்லோருக்கும் தெரியும். எரிக்கவும் பயம். ஆகையால் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் ஒரு மூட்டை, எதற்கும் ஆகாமல், மழையிலும் வெயிலிலும் கிடக்கும்.

"எதுக்குக்கா அது?" என்று கேட்டாள் மாரிசெல்வி. கலியாணமாகி வந்த புதுப்பெண்.

"வேலி கட்ட. சேலைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம மானு தாண்டாது. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

ஆவுடைத்தாய் இடி இடித்தாற்போல் சிரித்தாள். "நம்ம கம்பெனிச் சேலையக் கண்டா கட்டின புருசனே பக்கத்துல வரமாட்டான். மானு எங்கனளா வரும்?"

வேன் டிரைவர் உட்படச் சிரித்தார்கள். மாரிசெல்வி மட்டும் முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள்: "எங்க வீட்டுல அப்பிடி இல்ல சின்னம்மா."

"ஒனக்குக் கலியாணமாகி இன்னும் ஒரு சீசன் முடியல. பேசாம வா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூட்டைகள் வந்து இறங்கின. கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து, தாமரை இலைப் பச்சை. எல்லாவற்றின் மேலும் வெள்ளிச் சாம்பல். செல்லச்சாமி ஒன்றை விரித்துப் பிடித்து, முகர்ந்து பார்த்து, ஓரத்தை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இத இப்பிடியே கட்ட முடியாது. அலசணும். ஒரு தண்ணி பத்தாது."

"அலசுவோம்."

"அலசினாலும் முழுசாப் போகாது. இதக் கட்டிட்டா இந்தத் தோட்டத்துக்குள்ள ஊதுபத்திகூடக் கொளுத்தக் கூடாது. வெடியப் பத்திப் பேச்சே கெடையாது."

வள்ளித்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"அதுக்கும் சேத்துத்தான் கட்டுறேன்."

அவர் சேலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்.

இன்னொரு பள்ளத்தில் நீரை மாற்றி மாற்றி அலசினார்கள். பெண்கள் காலால் மிதித்தார்கள். மாரிசெல்வி மிதித்ததில் பாட்டும் இருந்தது. அலசிய நீர் பாத்திப் பக்கம் போகாதபடி செல்லச்சாமி வரப்பை உயர்த்திக் கட்டினார். கம்பிக்கு மேலே ஒரு கயிறு, நடுவே ஒரு கயிறு. சேலையை எப்படி இழுத்துக் கட்டினால் காற்றைத் தாங்கும், எங்கே தளர்வு விட்டால் படபடக்கும் என்று அவர் ஒரு கணக்குப் பிடித்தார். முடிச்சுகளெல்லாம் திரி கட்டும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. மத்தியானம் சந்தையில் வாங்கிய வெள்ளரிக்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கூடையோடு வைத்தாள் வள்ளித்தாய். ஆவுடைத்தாய் தன் சேலை வேலியில் ஏறியதைக் கண்டு கன்னத்தில் கைவைத்தாள்.

"ஏ அம்மாடி! இது எங்க மூத்தவ வயித்துல இருக்கையில கட்டின சேலை. இத்தனை வருசம் மூட்டையில கெடந்தது, இப்ப என்ன மினுக்கா நிக்குது பாரேன். நான் வீட்டுக்குப் போறேன், என் சேலை வேலை பாக்கட்டும்."

தோட்டத்தைச் சுற்றிச் சேலை ஏறியது. மோட்டார் அறை மூலையில் மட்டும், சுவருக்கும் கடைசி வேலிக்கல்லுக்கும் நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி மிஞ்சியது. மூட்டைகள் தீர்ந்துவிட்டன. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கலைந்தார்கள்.

மான்கள் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவை அல்ல. விடியலில் வள்ளித்தாய் வந்தபோது, புடைத்தடிக்கும் சேலைகளுக்கு அப்பால் அவை வரிசையாக நின்றிருந்தன. முன்கால் ஊன்றுவதும் பின்வாங்குவதுமாக ஒரு சேலையிலிருந்து அடுத்த சேலைக்கு நடந்து, வேலி முழுவதையும் தணிக்கை செய்தன. ஒன்றும் தாண்டவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அந்தக் குட்டி, வெண்டைப் பூ தின்ற குட்டிதான், மூலை இடைவெளியைக் கண்டுபிடித்துத் தலையை நுழைத்தது. அவள் கம்போடு ஓடி அதை விரட்டினாள். ஒரு பாத்தியின் முனை போயிற்று.

"வழி தெரிஞ்சிக்கிட்டா நாளைக்குக் குடும்பத்தோட வரும்" என்றாள். "என்னோட கட்டுச் சேலை ஒண்ணக் கொண்டாந்து கட்டிர வேண்டியதுதான்."

"அது வேண்டாம்" என்றார் செல்லச்சாமி. திரும்பி வீட்டை நோக்கி நடந்தார்.

அவர் திரும்பி வந்தபோது பாண்டிச்செல்வத்தின் வண்டியும் பின்னாலேயே வந்தது. கையில் சேவு. வேலியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்த மறந்து காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"என்ன மதினி, திருவிழாவா?"

"ஆமா தம்பி. வாங்க. பொடி குடுத்தவுகளுக்கு முதல் மரியாதை உண்டு."

பாண்டிச்செல்வம் தலையைக் குனிந்தான். அவனைத் திட்டுவதற்கு அவள் நல்ல சொற்களாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் அப்போது அவள் கண் செல்லச்சாமியின் கைக்குப் போனது; சொற்கள் நின்றுவிட்டன.

அவர் கையில் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் இருந்தன. ஆணியில் தொங்கிய மடிப்பு இன்னும் கலையவில்லை. அவர் மூலைக்குப் போய்ச் சட்டையை உதறினார். ஒரு கையைச் சுவரின் ஆணியில் இழுத்துக் கட்டினார்; மறு கையைப் படபடக்கத் தளர்வு விட்டுக் கல்லில் கட்டினார். அதற்குக் கீழே கால்சட்டை. திரி முடிச்சு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். இடைவெளி அடைந்தது.

"அண்ணே," பாண்டிச்செல்வத்தின் குரல் தணிந்திருந்தது. "அது கம்பெனிச் சட்டையில்ல?"

"ஆமாப்பா."

"நீங்க வருவீகன்னு மொதலாளிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"எப்பிடி வாறது?" செல்லச்சாமி கைகளைத் தட்டிக்கொண்டார். "சட்டை இங்கன வேலைக்குச் சேந்திருச்சு."

பாண்டிச்செல்வம் வள்ளித்தாயைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைப்பதை இருவரும் பார்க்கவில்லை. ஆடிக்காற்றில் கண்ணில் மண் விழுவது சகஜம்.

"அந்தப் புதுப்பையன ஞாயித்துக்கெளம இங்கன அனுப்பு" என்றார் செல்லச்சாமி. "சல்லடையில்லாம வரட்டும். எப்படிப் பிடிக்கணும்னு வெறுங்கையில சொல்லித் தாரேன். அவனுக்கும் ஒரு வீடு இருக்குமில்ல."

வள்ளித்தாய் கூடையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். தப்பி நின்ற செடிகளில் பிஞ்சு காயாகத் தொடங்கியிருந்தது. நுனியை ஒடித்துப் பார்த்துப் பறித்தாள். 'டொப்' என்று ஒடிந்தால் நல்ல காய். கூடையின் அடி மறைந்ததும் முதல் கைப்பிடியை ஒரு தாளில் சுற்றிப் பாண்டிச்செல்வத்திடம் நீட்டினாள்.

"பிடிங்க தம்பி. சுடச்சுட இல்ல, பச்சையாத்தான் இருக்கு. அடுத்த தடவ சேவு வாங்காதீக. பேச வேண்டியது முடிஞ்சு போச்சு. சும்மா வாங்க, சோறு இருக்கு."

நாரணாபுரம் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. நல்ல சரக்கு, நெஞ்சில் வந்து இடித்தது. வேலிக்கு அப்பால் கருவை நிழலில் நின்ற மான்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. குட்டி மட்டும் மூலைக்கு வந்தது. விடியலில் கண்ட வழியைத் தேடியது. காற்று அடித்தது. காக்கிச் சட்டை மார்பைப் புடைத்துக்கொண்டு ஒரு கையை வீசியது.

குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.